மூன்றில் ஒரு பங்கு

அழைப்பிதழின் நான்காவது வரிக்கு வந்ததும் பேராசிரியை மறுபடி முதலிலிருந்து படித்தாள். முதல் மூன்று வரிகளில் புதிதாக ஒன்றுமில்லை. எந்தக் கோணத்தையும் மூன்று சம பாகமாகப் பிரிக்கும் வழி, வெறும் கவராயமும் கோடு போடும் சட்டமும் கொண்டு, சனிக்கிழமை மாலை செய்து காட்டப்படும். இதைத்தான் அண்ணன் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான்காவது வரி, 'கணிதப் பேராசிரியை ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்டது' என்றது. அண்ணனுக்கு இந்த உலகத்தில் தெரிந்த கணிதப் பேராசிரியை ஒருத்திதான். அவள் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

கல்லூரியில் அவளுடைய துறையில் இரும்பு அலமாரியின் கடைசி இழுப்பறைக்குக் 'கோணப்பெட்டி' என்று பேர். கிரேக்கர்கள் போட்டுவிட்டுப் போன முடிச்சுகளில் இந்தக் கோணமும் ஒன்று. இரண்டாயிரம் வருடம் யார் யாரோ மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில், ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தேழில், வான்ட்சல் என்ற பிரெஞ்சுக்காரர் அந்த இரண்டு கருவிகளை வைத்துக்கொண்டு எல்லாக் கோணத்துக்கும் பொருந்துகிற வழி இருக்கவே முடியாது என்று நிரூபித்துக் கதவைச் சாத்தினார். சாத்திய சேதி எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. ஓய்வுபெற்ற நில அளவையாளர், காவலாளி, ஒரு பல் டாக்டர் என்று யாராவது 'கண்டுபிடித்துவிட்டேன்' என்று உறை அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். பல் டாக்டர் வருடத்துக்கு இரண்டு. படிக்கக் கூடாது, பதில் போடக் கூடாது என்பது துறையில் எழுதாத சட்டம். ஒரு தடவை பதில் போட்டால் போதும், மறுவாரமே ஆள் சுருட்டிய தாளோடு வாசலில் வந்து நிற்பார். அண்ணன் நேரில் வந்து கொடுத்த உறையையும் அவள் பழக்க தோஷத்தில் அந்தப் பெட்டியில்தான் போட்டாள். மூன்று வாரம் கழித்து அவர் போனில் கேட்டபோது, வகுப்புக்கு மணி அடித்துவிட்ட அவசரத்தில், "பாத்தேண்ணா, நல்லாருக்கு" என்று சொல்லித் தொலைத்தாள். அதை நம்பி மனிதர் ஊரைக் கூட்டிவிட்டார்.

அப்பா போனபோது அண்ணனுக்குப் பதினைந்து, அவளுக்கு ஆறு. அவர் பட்டறைக்குப் போனார், அவள் பள்ளிக்கூடம் போனாள். கதை அவ்வளவுதான். அதை வீட்டில் யாரும் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பெரிய கட்டடங்களுக்குத் தகட்டில் காற்றுக் குழாய் செய்கிற பட்டறை அது. குழாய் மூலையில் திரும்ப வேண்டுமென்றால் தகட்டை அப்படியே வளைத்துவிட முடியாது. திருப்பத்தைச் சம துண்டுகளாகப் பிரித்து, தனித்தனியாக வெட்டி, ஒட்டுப் போட வேண்டும். இரண்டாக, நான்காகப் பிரிப்பதென்றால் கவராயத்துக்குச் சின்ன வேலை. மூன்று என்று வந்துவிட்டால் கண்மட்டம்தான். நாற்பது வருடம் கண்மட்டத்தில் தள்ளினவருக்கு, ஓய்வு கிடைத்த மறுவாரமே அந்தப் பழைய எரிச்சல் ஏறிக்கொண்டது. ஒட்டு சரியா என்று பார்க்கப் பட்டறையில் ஒரு வழி உண்டு. பிளேடு நுனியை இடுக்கில் விட்டுப் பார்ப்பார்கள். நுழையவில்லையென்றால் சரி. அதற்கு மேலான சரி அங்கே கிடையாது.

அழைப்பிதழ் வந்த வியாழக்கிழமை மத்தியானம் அவள் கோணப்பெட்டியைத் திறந்து உறையைப் பிரித்தாள். எத்தனையாவது வரியில் கோட்டை விட்டிருக்கிறார் என்று பார்க்கத்தான் பிரித்தாள். இரண்டாவது பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கோணத்தில் கால் பங்கு எடு. அந்தக் காலில் கால் எடுத்து அதோடு சேர். அதிலும் கால் எடுத்துச் சேர். இப்படியே சேர்த்துக்கொண்டு போனால் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில், மேலும் பக்கத்தில், போய்க்கொண்டே இருக்கும். வளைகோட்டுக்குள் அடைபட்ட பரப்பை அளக்க ஆர்க்கிமிடீஸ் போட்ட அதே கூட்டல். இதை அவள் வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறாள். அங்கே போய்ச் சேர அவளுக்குப் பதினெட்டு வருடப் படிப்பு தேவைப்பட்டது. பத்தாவதை முடிக்காதவர் சமையலறை மேசையில் உட்கார்ந்து தானாக அங்கே வந்திருக்கிறார். பெருமையில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் கடைசிப் பக்கத்தில் 'ஐந்து தடவை செய்தால் போதும், முடிந்தது' என்று இருப்பதைப் பார்த்தாள். முடியவில்லை. அது முடிகிற சமாசாரமே இல்லை.

வெள்ளிக்கிழமை கல்லூரி விட்டதும் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த அண்ணி, உன் அண்ணனுக்கு ரெண்டு நாளாகக் கால் தரையில் படவில்லை என்று சிரித்தாள். பட்டறைக் கூட்டாளிகள் அத்தனை பேரும் வருகிறார்களாம், பழைய முதலாளியே வருகிறாராம். மேசையில் பெரிய வரைபடத் தாள் ஒட்டியிருந்தது. அண்ணன் சலவைச் சட்டையைப் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

அழைப்பிதழிலிருந்து அந்த நான்காவது வரியை எடுத்துவிட முடியுமா என்று அவள் கேட்டாள். அச்சடித்துக் கொடுத்தாகிவிட்டதே என்றார். ஏன் என்று கேட்காமல் அவள் முகத்தையே பார்த்தார். அவள் சொன்னாள். கிரேக்கர்கள் போட்ட கட்டுப்பாடு, வேலை எண்ணி முடிகிற தடவைகளில் முடிந்தாக வேண்டும் என்பது. இது எத்தனை தடவை போட்டாலும் ஒரு இடைவெளி மிச்சம் இருக்கும்.

"அஞ்சாவது தடவைக்கு மேல பென்சில் கோட்டுக்குள்ளயே அடங்கிடுது பாப்பா. பிளேடுகூட நுழையாது."

"நுழையாதுதான். ஆனா இருக்கு."

அண்ணன் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து ஆர்க்கிமிடீஸ் கதையை எடுத்தாள். அவ்வளவு பெரிய ஆள் யோசித்த அதே வழியில் நீயும் யோசித்திருக்கிறாய், துறையில் எங்களில் ஒருவருக்கும் இது தானாகத் தோன்றியிருக்காது என்றாள். சொல்லச் சொல்ல அவர் முகம் இன்னும் சின்னதாகிக்கொண்டே வந்தது.

"எப்ப?" என்றார்.

"ரெண்டாயிரத்து இருநூறு வருஷம் முன்னாடி."

"அப்ப அந்தாளு முந்திக்கிட்டாரு."

அண்ணன் அளவுகோலை எடுத்துத் தாளின் ஓரத்துக்கு நேராக வைத்தார், திரும்பவும் எடுத்தார்.

"நீ எப்ப படிச்ச இத?"

"நேத்து."

சமையலறை வாசலில் நின்ற அண்ணி சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டாள்.

"அன்னிக்கு போன்ல நல்லாருக்குன்ன."

"படிக்காமத்தான் சொன்னேன்."

"ஏன்?"

வேலை என்று சொல்லியிருக்கலாம். பரீட்சைத்தாள் திருத்தல் என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பார். "உன்னால முடியாதுன்னு நெனச்சேன்" என்று வாயில் வந்துவிட்டது. யாராலயும் முடியாதுன்னு, அத நிரூபிச்சிருக்காங்கண்ணா, என்று அவசரமாகப் பின்னால் சேர்த்துப் பார்த்தாள். அது ஒட்டவில்லை.

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே யாரோ இரண்டு சக்கர வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனதும் அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு வா. வந்து இப்ப சொன்னியே, அத அங்க சொல்லு. முதலாளி இருப்பாரேன்னு பாக்காத. நல்லாருக்குன்னு மட்டும் சொல்லாத."

அவள் தலையாட்டினாள்.  கிளம்பலாமா, உட்காரலாமா என்று தெரியாமல் பையைத் தோளில் மாட்டியபடி நின்றாள். எத்தனை தடவை போட்டால் முடியும் என்று அவர் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடியாது என்று அவள் மறுபடியும் சொன்னாள். அவர் பென்சிலைச் சீவி, ஊதி, ஆறாவது தடவைக்குக் கவராயத்தைத் திறந்தார். ஒட்டியிருந்த நாடா பிய்ந்து தாளின் ஒரு மூலை சுருண்டது. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அந்த மூலையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஏழாவது தடவை கவராயத்தின் முள் நிற்கவில்லை. குத்திக் குத்திக் காகிதம் அங்கே பிய்ந்து போயிருந்தது. அண்ணன் தாளை உரித்தெடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டிய இடத்தில், மிளகளவு ஓட்டை வழியாக, எதிர்வீட்டுச் சுவரின் மஞ்சள் தெரிந்தது. இரண்டு பேரும் தலை இடிக்க அதன் வழியே எட்டிப் பார்த்தார்கள்.