கை தூக்கியவர்

ராஜமேரி அப்பாவின் விரல்களில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பந்து பட்டு எப்போதோ கோணிப்போன வலது மோதிர விரல் மட்டும் மடங்கவில்லை. கடிகாரத்தில் மூன்று இருபது. நாலு மணிக்குச் சவப்பெட்டி கோயிலில் இருக்க வேண்டும்.

"கிளப்புக்காரங்க வந்துட்டாங்களாடி?" அம்மா மிக்கேலம்மாள் ஆறாவது தடவையாகக் கேட்டாள்.

"வருவாங்கம்மா."

வருவார்களா என்று அவளுக்கே தெரியாது. அந்த ஊரில் யார் செத்தாலும் பெட்டியைத் தூக்குவது கூடைப்பந்து கிளப்புக்காரர்கள்தான். அறுபத்தொன்றில் கோயில் மைதானத்தில் இரண்டு பனங்கட்டை நட்டு, கொல்லன் பட்டறையில் ரிங் அடித்துக் கிளப்பை ஆரம்பித்த அவள் அப்பா பெரியநாயகம் செய்த ஏற்பாடு அது. இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். ஃபவுல் பண்ணினவன், நடுவர் பார்க்காவிட்டாலும், தானே கை தூக்க வேண்டும்.

அந்தச் சட்டம்தான் அவரைக் கவிழ்த்தது. எழுபத்தைந்தில் மொரப்பூரோடு ஃபைனல். கடைசி நிமிடம், ஊர் டீம் ஒரு பாயின்ட் முன்னால். கேப்டன் சவரி எதிராளியின் கையில் அடித்தான், நடுவர் பார்க்கவில்லை. சவரி கை தூக்கவில்லை. வெளியே நின்ற பெரியநாயகம் அவனுக்காகத் தூக்கிவிட்டார். அவரை நம்பி நடுவர் சவரி மேல் ஃபவுல் கொடுத்தார். ஃப்ரீ த்ரோ இரண்டும் விழுந்தன, கப்பு போயிற்று. "நான் தொடவே இல்ல, இந்தாளு பொய் சொல்றாரு" என்று சவரி கத்தினான். ஊர் சவரியை நம்பியது. கிளப்பிலிருந்து பெரியநாயகத்தின் பேரை அடித்தார்கள். பத்து வயது ராஜமேரி அன்று பார்த்தது அப்பாவின் கையை மட்டும்தான். ஒன்பது வருஷமாக அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கோயில் உபதேசியார் வாசலில் வந்து நின்றார். "இன்னும் எவ்ளோ நேரம் பாக்கறது? சொந்தத்துலயே ஆறு பேரப் புடிச்சித் தூக்கிரலாங்க."

"வேணாங்க" என்றாள் மிக்கேலம்மாள். "அவங்க தூக்காம அவரு போவக் கூடாது."

ராஜமேரி எழுந்து மைதானத்துக்கு ஓடினாள். கோர்ட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றினாள். அதுவும் அப்பா வைத்த சட்டம். கம்பத்தடியில் கிளப்புக்காரர்கள் வேட்டி கட்டித் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கண்ணும் நடுவில் இருந்த சவரி மேல். அவர்தான் இப்போது கிளப்புத் தலைவர். அவர் எழாமல் ஒருவரும் எழ மாட்டார்கள்.

"மாமா, நேரம் ஆவுதுங்க."

சவரி தரையைப் பார்த்தார்.

பாவி மனுஷன், ஒரு வார்த்தை பேசினால் என்ன? அவளுக்கு வந்தது கோபமா, பயமா என்று தெரியவில்லை.

"எங்கப்பா பொய்யே சொன்னாருன்னு வெச்சிக்கங்க. நான் ஒத்துக்கறேன். தூக்கறதுக்கு மட்டும் வந்துருங்க மாமா."

சொன்னதும் அழுதுவிட்டாள். அப்பாவை நடு மைதானத்தில் வைத்துக் காட்டிக்கொடுத்தது போலிருந்தது.

சவரி எழுந்தார். கோர்ட்டுக்குள் நாலு எட்டு நடந்து ரிங்குக்குக் கீழே போய் நின்றார். பந்து இல்லை, நடுவர் இல்லை. வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினார்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார்கள். சவரியின் கை இன்னும் இறங்கவில்லை.

ராஜமேரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கைய எறக்குங்க மாமா" என்றாள். "பெட்டி கனமா இருக்கும்."