மருந்து பூசிய கை

தோல் பிரிவு வாசலில் அம்மாவும் இரண்டு பெண்களும் காலையிலிருந்து காத்திருந்தார்கள். மூத்தவளுக்கு ஓட்டல் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலை. வெளுப்புத் தண்ணீரில் ஊறி விரலெல்லாம் வெடித்திருந்தது. வேலைக்குப் போகிற கை அப்படித்தான் இருக்கும் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

வந்தது இளையவளுக்காக. ஆறு வயதில் பிடித்த மூட்டுவாதம். பத்து வருஷம் பாதி நாள் படுக்கைதான். இந்த வருஷம் போட ஆரம்பித்த ஊசியில் முழங்கால் வீக்கம் வடிந்து தானாக நடந்தாள். அப்பாடா என்று உட்காருவதற்குள் தலையிலும் உள்ளங்கையிலும் சிவந்து, செதில் செதிலாக உரிந்தது.

அந்த ஊசி போடுகிற சிலருக்கு இப்படி வரும், பயப்பட வேண்டாம், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றார் டாக்டர். இளையவளின் கையை ஏந்தி, விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூத்தவள் தன் கையையும் மெல்ல மேஜைமேல் வைத்தாள்.

"இதுக்கும் ஏதாவது இருக்கா டாக்டர்?"

"உங்க பேர்ல சீட்டு போட்டிருக்கீங்களாம்மா?"

போடவில்லை. இன்னொரு நாள் வரச் சொன்னார். இந்த ஒரு நாள் லீவுக்கே சலவைக்கூட மேஸ்திரி முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

அன்றிலிருந்து அம்மா இருவேளையும் இளையவளுக்குக் களிம்பு தடவினாள், ஊதி ஊதி. சாப்பாட்டு உப்பு வெடிப்பில் எரிய, மூத்தவள் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

நாலாம் நாள் காலை அம்மா தண்ணீர் பிடிக்கப் போனதும், மூத்தவள் களிம்பைப் பிதுக்கித் தேய்த்துக்கொண்டாள். திரும்பினால் இளையவள் விழித்திருந்தாள்.

"அம்மாகிட்ட போட்டுக் குடுக்கப் போறியா?"

இளையவள் தலையாட்டினாள், இல்லையென்று. "உன் கையப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கும்க்கா. ஒரு போர்வையத் தனியாப் பிழியுது. எனக்கு பாட்டில் மூடி திறக்க வராது." அக்காவின் விரல்களைப் பார்த்து, "கட்டைவிரல விட்டுட்ட. இன்னும் எடுத்துக்க" என்றாள்.

மூத்தவள் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள்.

சலவைக்கூடத்தில் மேஸ்திரி ஒரு தலையணை உறையை விரித்துப் பிடித்திருந்தார். ஓட்டலிலிருந்து திரும்பி வந்தது. வெள்ளையில் ரத்தத் தீற்றல். எல்லோரையும் கையை நீட்டச் சொன்னார். பதினோரு பெண்கள் நீட்டினார்கள். பதினோரு பேர் கையிலும் வெடிப்பு. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், களிம்பு மினுங்கிய மூத்தவள் கையில் நின்றார்.

"மருந்து போட்டிருக்க. அப்போ சீக்கு உனக்குத்தான். இனிமே வர வேணாம்."

அவள் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மற்ற பத்துப் பேரும் கையை வெளுப்புத் தொட்டிக்குள் இறக்கினார்கள்.