மாரிக்குப்பம் ரயிலும் வெல்டர் சங்கமித்ராவும்

பெங்களூர் ஜோகுபாளையத்து வெல்டர் சங்கமித்ரா ஏறிய எந்த ரயிலும் நகரவில்லை. மாரிக்குப்பம் பாசஞ்சரில் இது முதலில் நடந்தபோது பச்சை விளக்கு எரிந்தது, கார்டும் கொடி காட்டிவிட்டார், வண்டி அசையவில்லை. காற்றாட அவள் பிளாட்பாரத்தில் இறங்கியதும் கிளம்பிப் போய்விட்டது. மெட்ரோவிலும் அப்படியே. நாளடைவில் ஸ்டேஷன்காரர்களுக்கு அவள் முகம் பழகிவிட்டது. "பஸ்ல போயிடும்மா," என்பார்கள். அவளும் மறுபேச்சில்லாமல் இறங்கிவிடுவாள்.

காரணம் அவளுக்குத் தெரியும். சிக்பள்ளாப்பூர் குறுகிய ரயில் பாதையில் பட்டுக்கூடு மூட்டைகளையும் கல்யாணக் கூட்டங்களையும் இழுத்து ஓய்ந்த நீராவி எஞ்சின் ஒன்றை, பாதுகாக்க வேண்டும் என்று பெயிண்ட் அடித்து ஓர் அலுவலகத் தோட்டத்தில் நிறுத்தினார்கள். சக்கரங்களைத் தண்டவாளத்தோடு பற்றவைக்கும் வேலை சங்கமித்ராவுக்கு வந்தது. அவள் குனிந்து முதல் பொறியை வைத்ததும் சக்கரம் ஒரு சாண் பின்வாங்கியது. தொட்டுப் பார்த்தாள். நெருப்பில்லாத பாய்லர் வெதுவெதுப்பாக இருந்தது.

"அண்ணா, இது நவுருது," என்றாள் டிரேவர் என்ற காண்ட்ராக்டரிடம்.

"சாயங்காலம் திறப்பு விழா. கட்டைய அண்டக் குடுத்துட்டு வேலையப் பாரு."

கட்டையை அண்டக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். எஞ்சினின் நடுக்கம் அவள் கை வழியாகத் தோள்வரை ஏறியது. விழாவில் கொடுத்த லட்டை எஞ்சின் படியிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வருஷம், கோலார் தங்கவயல் பக்கம் உரிகத்தில் இருந்த அம்மா சந்திரம்மாவுக்கு மூச்சுத்திணறல் என்று போன் வந்தது. அன்று பஸ் ஸ்டிரைக். அம்மாவுக்காகவாவது நகரும் என்று நம்பி ரயிலேறினாள். நகரவில்லை. பெட்டியில் இருந்த எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். இறங்கினாள், வண்டி உரிகத்துக்குப் போனது. கிடைத்த லாரியில் அவள் மறுநாள் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் அடக்கம் முடிந்திருந்தது.

"உன்னையே கேட்டுக்கினு இருந்திச்சு," என்றாள் தங்கை மமதா.

ஊர் திரும்பிய சங்கமித்ரா பட்டப்பகலில் கட்டிங் மெஷினோடு தோட்டத்துக்குள் போய் எல்லாப் பற்றவைப்பையும் அறுத்தாள். ஏதோ ரிப்பேர் என்று நினைத்துக் காவலாளி நாற்காலி எடுத்துப் போட்டார். "அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருச்சு," என்று எஞ்சினிடம் சொன்னாள். "தெரிஞ்சேதான் செஞ்சேன்."

இப்போது எல்லா ரயிலும் அவளை ஏற்றிக்கொண்டு நேரத்துக்குக் கிளம்புகிறது. வண்டி அசையும் அந்த நொடியில் அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். தோட்டத்து எஞ்சின் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் போகிறது. அலுவலகத்தார் அதற்கேற்பத் தண்டவாளத்தை நீட்டிக்கொண்டே வருகிறார்கள். ரோஜாப் பாத்திகள் போயின, ஸ்கூட்டர் ஷெட் இடம் மாறியது. போன மாதம் காம்பவுண்டுச் சுவரையும் எஞ்சின் அகலத்துக்கு இடித்து வழிவிட்டார்கள்.