மஞ்சள் கோட்டில் நடந்தவர்

என் நைனா முனிரத்தினம் அறுபத்திரண்டு வருஷத்தில் ஒரு சொட்டு சாராயம் தொட்டதில்லை. இதை நம்பாதவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர். கணக்கு துல்லியமானது. ரேணிகுண்டா பக்கம் அவர் வாட்ச்மேனாக இருந்த கம்பெனியின் செக்யூரிட்டி வாட்ஸாப் குழுவில் அத்தனை பேர் இருக்கிறார்கள்.

மூன்று மாதத்துக்கு முன் காலை ட்யூட்டிக்குப் போனவரை சூப்பர்வைசர் பவன்குமார் கேட்டிலேயே மறித்தான். "ஏமய்யா, பொத்துன்னே தாகொச்சாவா?" என்றான். விடிந்ததும் விடியாததுமாகக் குடித்துவிட்டு வந்தாயா என்று கேள்வி. ஊதிப் பார்க்கும் மெஷின் லாரி டிரைவர்களுக்கு மட்டுமாம். அதனால் லாரிகளுக்காகத் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டின் மேல் நடந்து காட்டச் சொன்னான். நைனா நடந்தார். காலை அகட்டி வைத்து, தரையில் பசை தடவியிருப்பதுபோல் பாதத்தைத் தூக்காமலே இழுத்து இழுத்து நடந்தார். திரும்பச் சொன்னபோது நின்ற இடத்திலேயே குட்டிக் குட்டியாக ஒன்பது அடி வைத்துத்தான் திரும்ப முடிந்தது. பவன்குமார் அதை ஃபோனில் எடுத்து, 'ஃபுல் டேங்க்' என்று பெயர் வைத்துக் குழுவில் போட்டான். அன்றோடு நைனாவுக்கு வேலை போனது. வீடியோ மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறது.

அங்கே வேலை பார்க்கும் எங்கள் ஊர் சம்பத் அதை எனக்கு அனுப்பினான், மூன்று சிரிப்பு முகங்களோடு. நைனாவிடம் நான் காட்டவில்லை. அன்று சாயங்காலம், "வாய்ப்புண் இருக்குதான்னு பாக்கறேன், ஆ காட்டு நைனா" என்று மட்டும் கேட்டேன். காட்டினார். பூண்டு வாசனைதான் வந்தது. புண் இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன்.

அப்புறம் மூத்திரம் அடங்கவில்லை. பெயர்கள் மறந்தன. வெதுருகுப்பத்தில் ஒரு டாக்டர், வயசாகிவிட்டது என்று கண்டுபிடித்தார். இன்னொருவர் சத்து மாத்திரை எழுதினார். இருவரும் நைனாவை நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூடச் சொல்லவில்லை. கடைசியில் திருப்பதியில் டாக்டர் சுமித்ராதான் தலையை ஸ்கேன் எடுத்தார்.

மூளைக்கு நடுவில் குழிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் கோராய்டு பிளெக்சஸ் என்று மெல்லிய ரத்தக்குழாய்க் கொத்து. யாரும் கேட்காமலே ரத்தத்திலிருந்து தினமும் அரை லிட்டர் நீரை ஊறவைக்கிறது. மூளை மிதப்பது அதில்தான், அதன் அழுக்கைக் கழுவிக்கொண்டு போவதும் அதுதான். எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு வடிய வேண்டும். நைனாவுக்கு ஊறுவது நிற்கவில்லை, வடிவது மட்டும் மந்தமாகிவிட்டது. குழிகள் உப்பி, நடையையும் மூத்திரத்தையும் ஞாபகத்தையும் பார்த்துக்கொள்ளும் நரம்புகளை நெருக்கிக்கொண்டிருந்தன. மழைக்காலத்தில் எங்கள் தெருவைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

"இது குடியுமில்ல, வெறும் வயசுமில்ல" என்றார் டாக்டர். அவர் சித்தூர்க்காரர். "இடுப்புல ஊசி போட்டு நாப்பது மில்லி நீர் எடுப்போம். எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தரம், பின்னாடி ஒரு தரம் நடக்கவெச்சு டெஸ்ட் பண்ணுவோம். நடை தேறினா, தலையிலருந்து வயித்துக்குத் தோலுக்கடியில ஒரு டியூப் வெச்சு வடியவிட்டுடலாம். தேறலன்னா ஆபரேஷன் செய்யமாட்டேன்."

எங்கள் காதில் விழுந்தது 'டெஸ்ட்' மட்டும். டெஸ்ட் என்றால் பாஸாக வேண்டும். "மறுபடியும் நடந்து காட்டச் சொல்றாங்கடா" என்றாள் என் அம்மா தனபாக்கியம். "இந்தத் தபா உட்றக்கூடாது." காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு, இரண்டு நாள் வார்டு வராந்தாவில் நைனாவுக்கு ட்யூஷன் எடுத்தேன்.

ஊசிக்கு முந்தைய நடை. வராந்தாவின் அந்தக் கோடியில் பிசியோதெரபிஸ்ட் சபீனா கடிகாரத்தோடு நின்றார். "பயப்படுவாரும்மா, சும்மா தொட்டுக்கினு வரேன்" என்ற அம்மா, நைனாவின் முழங்கையைப் பிடித்துப் பாதி தூக்கிக்கொண்டே போனாள். நான் கைதட்டி "லெஃப்ட், ரைட்" சொன்னேன். பதினான்கு விநாடி. எங்கள் கணக்கில் நைனா பாஸ்.

நீர் எடுத்து மூன்று மணி நேரம் கழித்து இரண்டாவது நடை. அம்மா சாப்பாடு வாங்கப் போயிருந்தாள். நான் ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தேன். நைனா தனியாக நடந்தார். பதிமூன்று விநாடி.

"பதினாலு, பதிமூணு. வித்தியாசமே இல்லையே" என்றார் டாக்டர், சீட்டைப் பார்த்து. "நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிக்கினு போயிடுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "மேடம், மொதல் தபா நாங்க தூக்கிக்கினு போனோம்."

"யாரு தூக்கச் சொன்னது?"

"டெஸ்டுன்னீங்களே."

"ஏன்யா, நீ காலேஜ்ல படிக்கிறியா, கேன்டீன்ல படிக்கிறியா? முன்னாடி எப்படி நடந்தாருன்னு எதை வெச்சு எழுதறது? உன் வாயை வெச்சா? மறுபடி இடுப்புல குத்தவா?"

என் ஃபோனில் இருந்தது. அந்த வீடியோவை நான் அழிக்கவேயில்லை. என்றைக்காவது பவன்குமாரை அதே கோட்டில் உருட்டிப் படம் பிடிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் தினமும் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இப்போது என் நைனா குடிகாரர் இல்லை என்று காட்ட, அவரைக் குடிகாரர் என்ற அந்த நாயின் கைவேலையையே நீட்ட வேண்டியிருந்தது.

டாக்டர் கட்டிலருகே நின்றே அதை ஓடவிட்டார். ஃபோனுக்குள் நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல், திரும்பும் அடிகளை எண்ணினார். "ஒன்பது."

நைனா எட்டிப் பார்த்தார். "யார்றா இவன்? இப்பிடித் தள்ளாடிக்கினு போறான்?"

படத்தில் இருந்தவர் தொப்பியைக் கழற்றி வழுக்கையைத் துடைத்தார். நைனாவின் கை தன் வழுக்கைக்குப் போய் அங்கேயே நின்றது.

"எத்தினி பேரு பாத்தாங்க?"

"இருநூத்திப் பதினாலு."

"உனுக்கு எப்போ தெரியும்?"

"அன்னிக்கே."

மூன்று மாதமாக என் பெயரையே தேடித் தேடி எடுத்தவருக்கு, ஞாபகம் வருவதற்கு அந்த நேரம்தானா கிடைத்தது? "அன்னிக்கித்தான வாய்ப்புண்ணு பாக்கறேன்னு ஆ காட்டச் சொன்ன?"

பவன்குமாருக்காகச் சேர்த்துவைத்திருந்த கோபம் அத்தனையும் என் பக்கம் திரும்பி நின்றது. திரும்ப அதற்கு ஒன்பது அடி தேவைப்படவில்லை.

"எழுந்து நடங்க முனிரத்தினம்" என்றார் டாக்டர். "யாரும் தொடக்கூடாது. யாரும் கைதட்டக்கூடாது."

நடந்தார். பாதம் தரையை விட்டு எழுந்தது. கோடியில் திரும்பினார். எண்ணினேன். மூன்று அடி. டாக்டர் பழைய சீட்டை அடித்துவிட்டு, ஆபரேஷன் என்று எழுதினார்.

நைனா கட்டிலுக்குப் போகவில்லை. நேரே என்னிடம் வந்து, முகத்துக்கு நேராக வாயைத் திறந்து 'ஹா' என்று ஊதினார். ஆஸ்பத்திரி இட்லி, தேங்காய்ச் சட்னி.

"நல்லா மோந்து பாரு" என்றார். "பாத்துட்டு, அந்த இருநூத்திப் பதினாலு பேருகிட்டயும் போயி சொல்லு."