பட்டினி போட வேண்டிய புழுக்கள்

கணினித் திரையில் நான் வரைந்த வம்ச மரத்தில், என் தட்டைப்புழுவின் மரபணு போய் இறாலின் மடியில் உட்கார்ந்திருந்தது. சக புழுக்களோடு இருக்க வேண்டியது. வளரும் உடம்புக்குத் தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம் என்று சொல்லும் மரபணுக் குடும்பம் ஒன்று உண்டு. பூச்சி, நத்தை எல்லாவற்றிடமும் இருக்கும் அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி மட்டும் தட்டைப்புழுக்களிடம் எந்தக் காலத்திலோ தொலைந்துபோனதாகச் சொல்வார்கள். தொலையவில்லை, என் புழுவிடம் இருக்கிறது என்று ஆய்வுக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்துக் கட்டுரையும் எழுதிவிட்டேன். நாளை அனுப்ப வேண்டும்.

இறால் குஞ்சு பக்கத்துத் தொட்டி மீன்களின் தீனி. புழுக்களை அரைத்து மரபணு எடுப்பதற்கு முன் சில நாள் பட்டினி போடுவோம். இல்லாவிட்டால் அவை தின்றதன் மரபணுவும் கலந்துவிடும். இந்தப் புழுக்களைப் பட்டினி போட்ட நாட்களில் எனக்குக் காய்ச்சல். தண்ணீர் மாற்றப் போனது பஸ் ஓட்டும் என் கணவர்.

"என்னங்க, அன்னைக்குப் புழுவுக்கு ஏதாவது போட்டீங்களா?"

இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் கை நின்றது. "கொஞ்சூண்டுதான். பக்கத்துத் தொட்டி தீனி."

"தண்ணி மட்டும் மாத்துங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்ல!"

"நீ ஒரு வாய் சாப்பிடாம கெடந்தே. அதுங்களும் பட்டினின்னா மனசு கேக்கல."

எரிந்து விழத்தான் வாயெடுத்தேன். அழுகை வந்தது, அதன் பின்னாலேயே சிரிப்பும் வந்து தொலைத்தது. இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

கட்டுரையை அனுப்பாமல் நிறுத்திவிட்டு, வேறு புழுக்களைச் சில நாள் பட்டினி போட்டு மறுபடி தேடினேன். கடைக்குட்டி இல்லவே இல்லை. கட்டுரையை ஒரேயடியாகக் கிடப்பில் போட்டேன். "அனுப்பறதுக்கு முன்னாடி தெரிஞ்சுதே, பொழச்சோம்" என்றார் பேராசிரியர். எனக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

அடுத்த விடுமுறை நாளில் கணவரை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். தலையை வெட்டினாலும் இந்தப் புழுக்களுக்கு மறுபடி முளைக்கும். அப்படி வெட்டிய ஒரு வால் துண்டு, கிண்ணத்தில் தனியாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"அந்தக் கடைக்குட்டி இல்லாம இதுக்குத் தலை எப்படி வரும்?"

"அதத்தான் இனிமே கண்டுபிடிக்கணும். நல்லாப் பாருங்க."

வெட்டிய இடத்தில் வெளுப்பாக ஒரு மொட்டு. அதில் இரண்டு கறுப்புப் புள்ளிகள், லேசாக மாறுகண் வைத்து, எங்களையே பார்த்தன. அவர் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டு, மூச்சு நீரில் படும் அளவுக்குக் குனிந்தார்.