மூன்றாம் நம்பர் படி

விடிந்தும் விடியாத நேரத்திலேயே பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே பதினோரு மெஷின்களும் கடிக்கத் தொடங்கியிருந்தன. கடிப்பது என்பதுதான் அங்கே பேச்சு. பெடலை மிதித்தால் மேலிருந்தும் கீழிருந்தும் இரண்டு செம்பு முனைகள் வந்து இரண்டு தகடுகளையும் சேர்த்துக் கவ்வும். மின்சாரம் பாய்ந்ததும் கவ்விய இடம் உருகி ஒட்டிக்கொள்ளும். தெறித்த பொறி ஒன்று ஏழாம் நம்பர்காரியின் கழுத்துக்குள் விழுந்தது. அதைத் தட்டிவிடக்கூட நேரமில்லாமல் அவள் தகட்டை அடுத்த இடத்துக்கு நகர்த்தினாள்.

வீட்டில் அவளுக்குப் பெயர் உண்டு. இங்கே வெறும் ஏழு. முடிக்கிற ஒவ்வொரு பஸ் படியின் ஓரத்திலும் அந்த எண்ணை முத்திரையாக அடித்தாக வேண்டும். எதிர் வரிசையில் மூன்றாம் நம்பர் மெஷின். அதில் நிற்பவன் அவளுடைய கொழுந்தன். இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஆனால் நான்கு நாளாக அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நான்கு நாளைக்கு முன்பு, ஓடுகிற பஸ்ஸில் ஒரு படி கிழிந்து கண்டக்டரின் கால் உள்ளே போனது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்துவிட்டது. கிழிந்த படி பட்டறைக்குத் திரும்பி வந்தபோது அதன் ஓரத்தில் ஏழு இருந்தது. "என் கவனக்குறைவே காரணம்" என்று முதலாளி எழுதி வைத்த காகிதம் ஒன்றும் தயாரானது. அதில் அவள் கையெழுத்துப் போட்டால் வேலையும் போகும், வழக்கும் அவள் தலையில் விடியும்.

"போட்டுடுங்க அண்ணி. இல்லேன்னா ரெண்டு பேரையும் வெளியே அனுப்பிடுவாரு. அப்புறம் உலை எப்படிக் கொதிக்கும்?" என்று கொழுந்தன் அன்றைக்குச் சுவரைப் பார்த்துச் சொன்னான். அந்த நிமிடத்திலிருந்து அவளுக்கு அவனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

எட்டு மணிக்கு முதலாளி வந்தார். சலவைச் சட்டையில் கரி பட்டுவிடக் கூடாதே என்று ஒதுங்கி ஒதுங்கி நடக்கிற மனிதர். வந்ததும் வராததுமாக ஒரு படியை எடுத்து வைத்து, அதன்மேல் பத்து மணல் மூட்டைகளை அடுக்கச் சொன்னார்.

"அரை டன். நெளிஞ்சுதா? எல்லாரும் கண்ணைத் தொறந்து பாருங்க. என் படியில குத்தமில்ல. இவ கையிலதான் குத்தம்."

"ஒரு தடவை தாங்கும் முதலாளி," என்றாள் ஏழு. "பஸ்ல மூட்டையா அடுக்கறாங்க? காலைலேருந்து ராத்திரி வரைக்கும் ஏறுவாங்க, இறங்குவாங்க. ஒவ்வொரு மிதிக்கும் தகடு நெளிஞ்சு நிமிரும். கம்பியை மடக்கி மடக்கி ஒடிக்கிறோமே, அந்த மாதிரி. வெல்டோட ஓரத்துலதான் மயிரிழையா விரிசல் விடும்."

"அடேயப்பா, இன்ஜினியரம்மா வந்துட்டாங்க!" முதலாளி சிரித்தார். துணைக்குச் சிரிக்க ஆளில்லாமல் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"பன்னெண்டு வெல்டு போட்ட இடத்துல எட்டு போதும்னது யாரு? உருகினது இறுகற வரைக்கும் மெஷின் அழுத்திப் பிடிச்சிருக்கணும். அந்த நேரத்தைப் பாதியா வெட்டினது யாரு? முனை மழுங்கினா அரத்தால சீவணும். நேரம் வீணாகுதுன்னு அரத்தையெல்லாம் பூட்டி வெச்சது யாரு?"

"வாயைக் குறை. மத்தவன் படியெல்லாம் கிழிஞ்சுதா? டேய் மூணு! உன் படி கிழிஞ்சுதாடா?"

கொழுந்தன் குனிந்தபடி தன் மெஷினுக்குப் பின்னால் போனான். முந்தின வாரம் அடுக்கி வைத்த படிகளில் ஒன்றை இழுத்து வந்து, இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளின் நடுவில் வைத்து போல்ட்டை முடுக்கினான். ஓரத்தில் மூன்று தெரிந்தது.

"கிழிஞ்சுதான்னு கேட்டீங்களே. மூட்டை வேணாம். ஏறி இறங்கிப் பார்த்துடுவோம். ஆயிரமோ பத்தாயிரமோ, எண்ணிக்கிட்டே."

"கிழிஞ்சா?"

"கிழிஞ்சா என் நம்பர்தானே? எனக்கும் ஒரு காகிதம் எழுதிக் கொண்டு வாங்க."

அவன் ஏறி இறங்கினான். யாரோ "ஒண்ணு" என்றார்கள். பெயிண்ட் அடிப்பவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறினார். "ரெண்டு." மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பட்டறையிலிருந்த நாற்பது பேரும் வரிசையாக நின்று, ஏறி இறங்கி, சுற்றிவந்து மறுபடியும் நின்றார்கள்.

ஸ்டோர்காரர் பூட்டைத் திறந்து ஒரு அரத்தை எடுத்து வந்து ஏழின் கையில் வைத்தார். "கேட்டா, சாவி தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிக்கிறேன் போ."

அவள் முனையைச் சீவினாள். அழுத்திப் பிடிக்கும் நேரத்துக்கான திருகைப் பழைய கோட்டுக்கே திருப்பினாள். அவசரப்படாமல் பன்னிரண்டு வெல்டு போட்டு ஒரு புதுப் படியைச் செய்து, பழையதன் பக்கத்தில் பொருத்தினாள். இனி ஒரு கால் பழைய படியிலும் அடுத்த கால் புதுப் படியிலும் விழும்.

"நம்பர் அடிக்கலையே அக்கா?" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நீங்களே அடிங்க. எல்லாரும்."

பதினோரு முத்திரைகள் அதன் ஓரத்தில் கோணல்மாணலாக விழுந்தன.

முதலாளி மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னார். "போய் மெஷின்ல நிக்காதவன் நாளைக்கு கேட்டைத் தாண்டக் கூடாது. எத்தனை நேரம்டா ஏறுவீங்க?"

"பஸ் எத்தனை நேரம் ஓடுதோ அத்தனை நேரம்," என்றார் பெயிண்டர்.

தகரக் கூரை அனலைக் கொட்டியது. சுவரில் சுண்ணக்கட்டியால் போட்ட கணக்கு ஆயிரத்தைத் தாண்டியது, இரண்டாயிரத்தைத் தாண்டியது. இரண்டு படியும் கிழியவில்லை. முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்து, "கிழியட்டும், பார்க்கலாம்" என்று கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு குனிந்து, மூன்றாம் நம்பர் படியின் அடியில் கையை விட்டு ஒவ்வொரு வெல்டாகத் தடவிப் பார்த்தாள். விரலுக்கு இன்னும் எதுவும் தட்டுப்படவில்லை. நாளைக்கும் ஏற வேண்டியிருக்கும், நாளை மறுநாளும். கேட்டைப் பூட்டிவிட்டால் தெருவில் வைத்து ஏற வேண்டும்.

அவள் நிமிர்ந்தபோது கொழுந்தன் எதிரே நின்றிருந்தான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. நான்கு நாளுக்குப் பிறகு நேராக அவள் முகத்தைப் பார்த்தான்.

"உங்க முறை அண்ணி. ஏறுங்க."

அவள் ஏறினாள். "ரெண்டாயிரத்து நானூத்தி ஆறு!" என்று நாற்பது பேரும் சேர்ந்து எண்ணினார்கள்.