நாலு பவுண்டு காற்று

அந்தத் தெருவில் முகத்துக்கு நேரே திட்ட முடியாத ஆளுக்கு ஒரு மருந்து உண்டு. அவர் அசந்த நேரம் பார்த்து வண்டியின் காற்றைப் பிடுங்கிவிடுவது. சைக்கிள் காலத்தில் தொடங்கிய பழக்கம். வாத்தியாருக்கும் பிடுங்கினார்கள், வட்டிக்காரருக்கும் பிடுங்கினார்கள். யார் வேலை என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால்தான் எண்பத்தொன்பதாம் வருஷத்து மாசி மாதத்தில் ஒரு காலை, தன் அம்பாசிடர் காரின் டயர்களில் நாலு பவுண்டு காற்று குறைந்திருப்பதைக் கண்ட சங்கரலிங்கம், வேறு எதையும் யோசிக்காமல் நேரே பக்கத்து வீட்டைப் பார்த்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் ஐயாதுரை. சங்கரலிங்கத்தின் மனைவி அழகுத்தாய்க்குக் கூடப் பிறந்த அண்ணன். பொங்கல் அன்று தெருவே கூடியிருக்க, அவர் வாய் சும்மா இருக்காமல் சொன்னார்: "மாப்ளே, இந்தக் கப்பலை வேற கரையில கொண்டு கட்டுங்களேன். ஒரு சைக்கிள் போக வழியில்ல." எல்லோரும் சிரித்தார்கள். சங்கரலிங்கமும் சிரித்தார். வீட்டுக்குள் வந்து கரும்பைக் கூடத் தொடவில்லை. அன்றோடு மச்சானிடம் பேச்சு நின்றது.

நின்றால் நிற்கட்டும், ஆண்களின் கோபம் பங்குனிக்குள் ஆறிவிடும் என்றுதான் அழகுத்தாய் இருந்தாள். பங்குனியில் அண்ணன் மகள் சந்தனமாரிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணம். அழகுத்தாய் பெற்றது இரண்டும் ஆண். பெண் பிள்ளை என்றால் அவளுக்குச் சந்தனமாரிதான். தலை பின்னி, பூ வைத்து, பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் அத்தைக்காரி. அந்தக் கல்யாணத்துக்குத்தான் இந்த நாலு பவுண்டு காற்று குறுக்கே வந்து விழுந்தது.

"காத்தைப் பிடுங்குற ஆளு வீட்டுப் பந்தலுக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன். நீயும் வைக்கக் கூடாது" என்றார் சங்கரலிங்கம். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படியாகத்தான் சொன்னார்.

கேட்டது. கல்யாணப் பத்திரிகை அச்சாகி ஊரெல்லாம் கொடுத்தாயிற்று, ஒட்டின சுவருக்கு மட்டும் வரவில்லை. பத்திரிகை வைத்து நீட்டுகிற தாம்பாளத்தைத் தங்கை மாப்பிள்ளை தட்டிவிட்டால் என்ன செய்வது என்று ஐயாதுரைக்குப் பயம். பயம் நியாயமானதுதான். தட்டிவிட்ட தாம்பாளம் பேரன் பேத்தி காலம் வரைக்கும் பேச்சாக ஓடும்.

சங்கரலிங்கம் கெட்டவர் இல்லை. பயந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் உரக்கடை. காலையில் காரை எடுத்துக்கொண்டு போவார், மத்தியானச் சாப்பாட்டுக்கு வெயிலோடு வருவார். சாவியைத் திருகியதும் எரியும் இரண்டு சிவப்பு விளக்கும் அணைகிற வரை மூச்சு விட மாட்டார். ஒருதரம் வத்திராயிருப்புப் பாதையில் ஆயில் விளக்கு விட்டுவிட்டு எரிந்ததற்கு, பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டு, மறுநாள் மெக்கானிக்கோடு போய்த்தான் காரைத் தொட்டார்.

"ஆயிலுக்கு லைட்டு வச்சிருக்கான். பேட்டரிக்கு லைட்டு வச்சிருக்கான். டயருக்கு ஒண்ணு வச்சிருந்தா பிடுங்குற கையைக் காட்டிக் குடுத்திருக்குமுல்ல" என்று புலம்பினார். விளக்கு காற்றைக் காட்டும், கையை எப்படிக் காட்டும் என்று அழகுத்தாய்க்குத் தோன்றியது. அதை அவரிடம் யார் சொல்வது?

விளக்கு இல்லாத குறைக்கு மதுரையிலிருந்து காற்று அளக்கிற மீட்டர் ஒன்று வாங்கி வந்திருந்தார். பேனா மாதிரி இருக்கும். அதைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டே திரிந்தார். மத்தியானம் அளந்து இருபத்தாறு வைப்பார். காலையில் அளந்தால் இருபத்திரண்டு. பெட்ரோல் பங்க்கில் காற்று அடித்துக்கொண்டு போவார். மறுநாள் காலை மறுபடியும் இருபத்திரண்டு. நாலு டயரிலும் அளந்து வைத்தாற்போல நாலு நாலு பவுண்டு.

பத்து நாள் போல இப்படி ஓடியது. பிறகு ஒரு காலை, அளந்தால் சரியாக இருந்தது. அடுத்த நாளும் சரியாக இருந்தது. நியாயமாகப் பார்த்தால் மனுஷன் சந்தோஷப்பட வேண்டும். சங்கரலிங்கம் தொடையைத் தட்டினார்.

"பாத்தியா? நான் சத்தம் போட்டேன், நின்னுருச்சு. அப்ப பிடுங்குனது உங்க அண்ணந்தானே?"

 ஒருவேளை அண்ணன் செய்திருப்பானோ என்று அழகுத்தாய்க்கே ஒரு நிமிஷம் சந்தேகம் தட்டியது. அந்தச் சந்தேகம்தான் அவளை அதிகம் வருத்தியது. கூடப் பிறந்தவனை நம்பாமல் போனோமே என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மலைப் பக்கமிருந்து குளிர் இறங்கி வந்த ஒரு விடிகாலையில் அவள் வாசல் தெளிக்க வந்தபோது, காரின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள் குனிந்திருந்தது தெரிந்தது. தலையில் துண்டு. அண்ணன். அழகுத்தாய் வாளியைக் கீழே வைத்தாள். கிட்டே போனால், அவர் காலடியில் மீட்டர் வைத்த ஒரு கால் பம்பு. மிதித்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, சத்தம் காட்டாத. மாப்ள முழிச்சுருவாரு."

"என்னண்ணே செய்யுதே?"

"பாத்தாத் தெரியலயா? காத்து அடிக்கேன். எந்தப் பய பிடுங்குதான்னு தெரியல. நான் இல்லன்னு சொன்னா அவரு நம்பவா போறாரு? டயர்ல காத்து இருந்தா அவருக்குக் கோவம் இருக்காதுல்ல. கோவம் இல்லன்னா நீ கல்யாணத்துக்கு வருவ. அம்புட்டுத்தான்."

 அழகுத்தாயால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "நீ அடிக்க அடிக்க, சத்தம் போட்டதும் நீ பயந்து நிப்பாட்டிட்டேன்னு அவிய நினைக்காவ. நீதான்னு முடிவே பண்ணிட்டாவ."

ஐயாதுரை மிதித்த காலை எடுக்காமல் அப்படியே நின்றார். நல்லது செய்யப் போய் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம் என்பது விளங்கச் சற்று நேரம் ஆனது. பம்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார். முதுகைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"நாளைக்கு அடிக்காத" என்று மட்டும் அவள் சொன்னாள்.

அன்று மத்தியானம் பூரி போட்டாள். சங்கரலிங்கத்தின் கார் வந்து நிற்பது அடுப்படியிலேயே கேட்டது. தினமும் கேட்கிற சத்தங்கள்தான். கதவு சாத்தும் சத்தம், பிறகு அவர் முனகிக்கொண்டு குத்தவைக்கிற சத்தம், பிறகு 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல். உப்பி வந்த பூரியைக் கரண்டியில் ஏந்தியபடி அழகுத்தாய் நின்றாள். தட்டில் முதலில் எடுத்து வைத்த பூரிகள் ஆறி அமுங்கிக் கிடந்தன. அவற்றை ஒரு பார்வை பார்த்தாள். கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

"என்ன செய்தீக?"

"வெயில்ல ஓடி வந்துருக்கு, முப்பது காட்டுது. எறக்கலைன்னா வெடிச்சுரும்னு டீக்கடையில லாரிக்காரன் சொன்னானே. எறக்கி இருபத்தாறு வைக்கேன்." ஒரு டயரை முடித்து அடுத்ததுக்கு நகர்ந்தார்.

"தினமும் எறக்குறீகளா?"

"பின்ன?"

"சூட்டுல பெருகுனது, ஆறுனா தானே அமுங்காதா?"

சங்கரலிங்கம் மீட்டரை டயரில் வைக்கப் போன கையோடு நின்றார். 'பொம்பளைக்கு என்ன தெரியும்' என்று சொல்ல வாயெடுத்தது முகத்தில் தெரிந்தது. சொல்லவில்லை.

"மத்த மூணையும் இன்னைக்கு எறக்காதீக. எனக்காக. வெடிச்சா நானே புது டயர் வாங்கித் தாரேன்" என்றாள். எந்தக் காசில் என்று அவர் கேட்கவில்லை. அன்று பூரியை மசாலாகூடத் தொடாமல் தின்றார்.

மறுநாள் குளிர் விடுவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார். அழகுத்தாய் கதவோரம் நின்று பார்த்தாள். அளந்தார். காரைச் சுற்றி வந்தார். மறுபடியும் சுற்றினார். இறக்காத மூன்று டயரும் இருபத்தாறில் நின்றன. அவர் கையாலேயே இறக்கிய ஒன்று மட்டும் இருபத்திரண்டு.

அழகுத்தாய் வெளியே வந்து, விடிகாலையில் பம்பு மிதித்தவர் யார் என்பதை அப்போதுதான் சொன்னாள். சங்கரலிங்கம் பனியில் நனைந்த காரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். காது மடல் வரை சிவந்து போயிருந்தது. அவமானமா குளிரா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டார். "மச்சான்!"

ஐயாதுரை கதவைத் திறந்துகொண்டு வந்தார். இன்றைக்கு என்ன பழியோ என்று முகத்தில் எழுதியிருந்தது.

"பின்னாடி ரெண்டு டயருக்கும் கொஞ்சம் காத்து கூட வைக்கணும் மச்சான்" என்றார் சங்கரலிங்கம், டயரைப் பார்த்தபடியே. "பொண்ணு, தோழிப் பிள்ளைக, எல்லாரும் பின்னாலதான் ஏறுவாக. பாரம் தாங்கணும்ல."

"பொண்ணழைக்கவா? செட்டியார்பட்டி வேனுக்குச் சொல்லி வச்சிட்டேனே மாப்ளே."

"வேண்டாம்னு சொல்லிருங்க. நம்ம பிள்ளை நம்ம கார்ல போகும்."

ஐயாதுரை உள்ளே போனார். பம்பு எடுக்கத்தான் போகிறார் என்று அழகுத்தாய் நினைத்தாள். திரும்பி வந்தவர் கையில் பம்பு இல்லை, தாம்பாளம் இருந்தது. பின்னாலேயே அண்ணி, அள்ளி முடிந்த தலையோடு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். வெற்றிலை வாடாமல் இருந்தது. தினமும் மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று புரிந்ததும் அழகுத்தாய் நடுத்தெருவிலேயே வாய்விட்டு அழுதுவிட்டாள்.

சங்கரலிங்கம் மீட்டரைச் சட்டைப் பைக்குள் போட்டார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டு, இரண்டு கையையும் நீட்டினார்.